மூன்று வருஷம் கழித்து வரும் 25 லட்சம் இன்றைக்கு எவ்வளவு? கூட்டு வட்டியைத் திருப்பிப் போடும் கணக்கு

என் பெரியப்பா பத்து சென்ட் மனை ஒன்றை விற்க நினைத்தார். ஒருவர் வந்து, இன்றைக்கே 20 லட்சம் தருகிறேன், கிரயம் முடித்துவிடலாம் என்றார். இன்னொருவர், மூன்று வருஷம் பொறுங்கள், 25 லட்சமாகத் தருகிறேன் என்றார். மூன்றாவதாக வந்தவர் இப்போது 4 லட்சம், அப்புறம் மூன்று வருஷத்துக்கு வருஷா வருஷம் 6 லட்சம், மொத்தம் 22 லட்சம் என்று கணக்குச் சொன்னார். வீட்டில் பாதிப் பேர் 25 லட்சத்துக்குத் தலையாட்டினார்கள், பெரியம்மா கையில் வருவதை வாங்குங்கள் என்றார், பேச்சு இரண்டு நாள் ஓடியது. யாரும் காகிதம் எடுக்கவில்லை.

காகிதம் எடுத்திருந்தால் பத்து நிமிஷ வேலை. வேறு வேறு தேதியில் வரும் பணத்தை நேருக்கு நேர் ஒப்பிடவே கூடாது, எல்லாவற்றையும் ஒரே தேதிக்கு, அதாவது இன்றைய தேதிக்கு, கொண்டு வந்து நிறுத்திய பிறகுதான் எது பெரியது என்று பார்க்க வேண்டும். அப்படிக் கொண்டு வரும் கணக்குக்குப் பாடப்புத்தகத்தில் தற்போதைய மதிப்பு என்று பெயர், நான் இங்கே இன்றைய மதிப்பு என்றே எழுதுகிறேன். பள்ளியில் படித்த கூட்டு வட்டி நினைவில் இருந்தால் போதும், புதிதாகக் கற்க வேண்டியது ரொம்பக் கொஞ்சம்.

முதலில்: போன வழியே திரும்பி வருவது

1,00,000 ரூபாயை 10 சதவீதக் கூட்டு வட்டியில் போட்டால் ஒரு வருஷத்தில் 1,10,000, இரண்டாவது வருஷத்தில் வட்டிக்கும் வட்டி சேர்ந்து 1,21,000. ஒவ்வொரு வருஷமும் 1.10 ஆல் பெருக்குகிறோம், அவ்வளவுதான். இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். இரண்டு வருஷம் கழித்து எனக்கு 1,21,000 வேண்டும், வட்டி 10 சதவீதம், இன்று எவ்வளவு போட வேண்டும்? பெருக்கிக்கொண்டே போன வழியில் வகுத்துக்கொண்டே திரும்பி வர வேண்டும். 1,21,000 ÷ 1.10 = 1,10,000. அதை மறுபடி 1.10 ஆல் வகுத்தால் 1,00,000. இதுதான் இன்றைய மதிப்பு.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள், ஏனென்றால் புதிதாக வருபவர்களில் நிறையப் பேர் வழுக்குவது இந்த இடத்தில்தான். 10 சதவீதம் கூடியதைத் திருப்ப 10 சதவீதம் கழித்தால் போதும் என்று கை தானாகப் போகும். கழித்துப் பாருங்கள்: 1,21,000-இல் 10 சதவீதம் 12,100, கழித்தால் 1,08,900, அதில் இன்னொரு 10 சதவீதம் கழித்தால் 98,010. கிளம்பிய இடத்துக்கு வந்து சேரவில்லை, 1,990 ரூபாய் குறைகிறது. காரணம், ஏறும்போது 10 சதவீதம் என்பது சிறிய தொகையான 1,00,000-இன் மேல் போட்டது, இறங்கும்போது நீங்கள் கழிப்பது பெரிய தொகையின் மேல். இரண்டு வருஷத்துக்கே இவ்வளவு என்றால் பதினைந்து வருஷத்தில் விடை எங்கோ போய்விடும். ஆகவே இந்தக் கணக்கில் கழித்தலுக்கு வேலையே இல்லை, வகுத்தல் மட்டும்தான்.

இதையே ஒரு வரியில் எழுதினால்:

இன்றைய மதிப்பு = வரப்போகும் தொகை ÷ (1 + ஒரு தடவைக்கான வட்டி) ^ தடவைகள்

^ என்பது அடுக்கு. 1.10 ^ 2 என்றால் 1.10 × 1.10. தடவை என்று நான் சொல்வது வட்டி அசலோடு சேரும் தடவை. வருஷத்துக்கு ஒருமுறை சேர்ந்தால் வருஷங்களின் எண்ணிக்கை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்தால் காலாண்டுகளின் எண்ணிக்கை.

கால்குலேட்டரைத் தொடும் முன்

ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு வரப்போகிறது, எப்போது வரப்போகிறது, வட்டி எத்தனை சதவீதம், அந்த வட்டி வருஷத்தில் எத்தனை தடவை அசலில் சேர்கிறது. நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நம் ஊர் வங்கிகளில் ஃபிக்ஸட் டெபாசிட் போட்டு வட்டியை வெளியே எடுக்காமல் விட்டால் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேரும். அஞ்சலகத்தின் தேசிய சேமிப்புப் பத்திரத்தில் வருஷத்துக்கு ஒருமுறை. வீட்டுக் கடன், வண்டிக் கடன் என்றால் மாதா மாதம். கைமாற்றில் ஒருவர் ‘ரெண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய் என்று பொருள், வருஷத்துக்கு 24 சதவீதம். வருஷம் 2 சதவீதம்தானே என்று வெளியூர்க்காரர் ஒருவர் நினைத்துக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். அந்த வட்டியைக் கொடுக்காமல் விட்டு அது மாதா மாதம் அசலில் ஏறினால் 24-இலும் நிற்காது, 1.02 ^ 12 = 1.2682, அதாவது வருஷத்துக்கு 26.82 சதவீதம்.

சரி, ஒரு முழுக் கணக்கு. மகள் கல்லூரியில் சேர இன்னும் 6 வருஷம், அப்போது 5,00,000 வேண்டும். வங்கி வட்டி 7 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்கிறது. இன்று எவ்வளவு போட்டு வைத்தால் போதும்?

வட்டியையும் காலத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டு வருவதுதான் அடுத்த படி. வருஷத்துக்கு 7 சதவீதம் என்றால் ஒரு காலாண்டுக்கு 7 ÷ 4 = 1.75 சதவீதம், அதாவது 0.0175. ஆறு வருஷத்தில் 6 × 4 = 24 காலாண்டு. ஆக 5,00,000 ÷ 1.0175 ^ 24. 1.0175 ^ 24 = 1.516443. வகுத்தால் 3,29,719 ரூபாய்.

இதே கணக்கை அளவு பொருந்தாமல் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். வட்டியை நான்கால் வகுக்காமல் 7 சதவீதத்தையே வைத்து 24 தடவை வகுத்தால் 98,573 வரும். அதை நம்பி ஒரு லட்சத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தால் ஆறாவது வருஷம் கல்லூரி வாசலில் நின்று தவிக்க வேண்டும். மாறாக வட்டியை மட்டும் 1.75 ஆக்கிவிட்டு தடவையை 6 என்றே வைத்தால் 4,50,571. உண்மையான விடை 3.3 லட்சத்துக்குப் பக்கம், ஒரு பிழையில் அது ஒரு லட்சம், இன்னொரு பிழையில் நாலரை லட்சம். இத்தனைக்கும் இரண்டிலுமே பெருக்கல் வகுத்தலில் தப்பே இல்லை. நான் பார்த்தவரை இந்தப் பாடத்தில் தப்பாகும் விடைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தப்பாகின்றன.

காலாண்டு எல்லாம் வேண்டாம், வருஷத்துக்கு ஒருமுறை சேர்வதாகவே வைத்துப் போட்டால்? 1.07 ^ 6 = 1.50073, விடை 3,33,171. வித்தியாசம் 3,452 ரூபாய். அடிக்கடி வட்டி சேர்ந்தால் பணம் கொஞ்சம் வேகமாக வளரும், அதனால் இன்று போட வேண்டியது கொஞ்சம் குறையும். அவசரத்துக்குத் தோராயமாகப் பார்க்க இது போதும்.

வருஷம் முழுதாக இல்லாமல் 2 வருஷம் 5 மாதம் என்று வந்தால் பயப்பட வேண்டாம். மாதக் கணக்கில் 29 ÷ 12 = 2.4167 என்று அடுக்கில் போட்டுவிடலாம், அடுக்கு முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அழுத்துவது எப்படி

ஃபோனில் உள்ள கால்குலேட்டரைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால் பல ஃபோன்களில் அடுக்குப் பட்டன் தெரியும். அது இல்லை, மளிகைக் கடையில் இருக்கும் சாதாரணக் கால்குலேட்டர்தான் இருக்கிறது என்றாலும் வேலை நடக்கும். 500000 ÷ 1.0175 போட்டு = பட்டனை 24 தடவை அழுத்துங்கள். ஒவ்வொரு = அழுத்தத்துக்கும் இன்னொரு முறை 1.0175 ஆல் வகுபடும், 24-ஆவது அழுத்தத்தில் 3,29,719 நிற்கும். சி.ஏ. படிக்கும் பிள்ளைகள் தேர்வறையில் இதைத்தான் செய்கிறார்கள். எல்லாக் கால்குலேட்டரும் இப்படி வேலை செய்யாது, அதனால் முதலில் 100 ÷ 2 = = என்று அழுத்திப் பாருங்கள். 50, 25 என்று இறங்கினால் சரி. இறங்காவிட்டால் அந்தக் கருவியில் இந்த வழி வேண்டாம்.

எக்செல்லில் இதற்கென்றே PV (பி.வி.) என்று இரண்டெழுத்து ஃபங்ஷன் இருக்கிறது. வரிசை இது: ஒரு தடவைக்கான வட்டி, தடவைகள், தவணைத் தொகை, கடைசியில் வரும் தொகை. மேலே உள்ள கணக்குக்கு 0.0175, 24, 0, 500000. விடை மைனஸில் வரும், தப்பு என்று நினைக்க வேண்டாம். உங்கள் கையிலிருந்து வெளியே போகும் பணம் என்பதைக் காட்டத்தான் அந்த மைனஸ்.

இவ்வளவு எளிதாக நாம் போடும் இந்தக் கணக்கு ஒரு காலத்தில் தொழில் ரகசியமாக இருந்தது. வட்டி அட்டவணைகளை வங்கிக்காரர்கள் கையால் எழுதித் தங்களுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தார்கள், 1582-இல் சைமன் ஸ்டெவின் என்ற கணித அறிஞர் ஆண்ட்வெர்ப் நகரில் அவற்றை அச்சிட்டு வெளியே விட்டார். கடன் வாங்குகிறவனும் கணக்கைச் சரிபார்க்க அது வழி திறந்தது என்று நினைக்கும்போது எனக்கு அந்த மனிதர் மேல் தனி மரியாதை.

விடை வந்ததும் ஒரு சோதனை. 72-ஐ வட்டி வீதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாக எத்தனை வருஷம் என்று தோராயமாகத் தெரியும். 7 சதவீதத்துக்கு 72 ÷ 7, பத்து வருஷத்துக்குச் சற்று மேல். அப்படியானால் பத்து வருஷம் கழித்து வரும் பணத்தின் இன்றைய மதிப்பு ஏறக்குறைய பாதி. 6 வருஷம் என்றால் பாதிக்கு மேலே இருக்க வேண்டும், 5 லட்சத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 98,573 என்ற விடை இந்தச் சோதனையிலேயே மாட்டிக்கொள்ளும்.

எந்த வட்டியை வைத்து வகுப்பது?

பள்ளிக் கணக்கில் வட்டி வீதத்தை அவர்களே கொடுத்துவிடுவார்கள். வாழ்க்கையில் யாரும் தர மாட்டார்கள், நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், விடையை ஆட்டி வைப்பதும் அதுதான். பெரியப்பா மனைக்கே வருவோம்.

25 லட்சம், மூன்று வருஷம் கழித்து. வங்கியில் போட்டால் 7 சதவீதம் கிடைக்கும் என்று வைத்து 1.07 ^ 3 = 1.225043 ஆல் வகுத்தால் 20,40,745. இன்றைய 20 லட்சத்தைவிட 40 ஆயிரம் கூடுதல், அப்படியானால் காத்திருக்கலாம். ஆனால் பெரியப்பாவுக்கு 9 சதவீதத்தில் நகைக்கடன் பெரிய தொகைக்கு இருந்தது. இன்று பணம் வந்தால் அவர் செய்யப்போவது அந்தக் கடனை அடைப்பது, அப்படியானால் இன்று கிடைக்கும் ஒவ்வொரு ரூபாயும் அவருக்கு 9 சதவீதத்தை மிச்சப்படுத்துகிறது. 1.09 ^ 3 = 1.295029. வகுத்தால் 19,30,459. அதே மனை, அதே பேச்சு, ஆனால் விடை தலைகீழ். இன்றைய 20 லட்சம் ஏறக்குறைய 70 ஆயிரம் மேல்.

ஆக, பணம் இன்று கையில் இருந்தால் நீங்கள் உண்மையில் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதில் கிடைக்கும் அல்லது மிச்சமாகும் வட்டிதான் வகுக்க வேண்டிய வட்டி. பக்கத்து வீட்டுக்காரரின் வீதம் உங்களுக்குப் பொருந்தாது. இதில் வரியையும் மறக்க வேண்டாம். 20 சதவீத வரி கட்டுகிறவருக்கு 7 சதவீத டெபாசிட் வட்டியில் கையில் தங்குவது தோராயமாக 5.6 சதவீதம்தான். மகள் படிப்புக் கணக்கை 5.6 சதவீதத்துக்கு, அதாவது காலாண்டுக்கு 1.4-க்கு, மறுபடி போட்டால் இன்று வைக்க வேண்டியது 3,58,145 ஆகிவிடும், முன்னதைவிட 28 ஆயிரத்துக்கும் மேல் கூடுதல்.

நம்பிக்கையும் இந்த வீதத்துக்குள் அடங்கும். வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. மூன்று வருஷம் கழித்துத் தருகிறேன் என்று சொல்கிறவர் வாக்குக்கு எந்தக் காப்பீடும் கிடையாது. அப்படிப்பட்ட பணத்துக்கு வங்கி வட்டியைவிடக் கூடுதல் வீதம் வைத்து வகுப்பதே நியாயம். எவ்வளவு கூட்டுவது என்பதற்கு விதி எதுவும் இல்லை, ஆளைப் பொறுத்தது.

வீதத்தை முடிவு செய்ய முடியாமல் தவிப்பவர்களுக்கு ஒரு வழி: எந்த வீதத்தில் இரண்டும் சமமாகும் என்று பாருங்கள். 25 ÷ 20 = 1.25, அதன் கனமூலம், அதாவது மூன்று தடவை எழுதிப் பெருக்கினால் 1.25 தரும் எண், 1.0772. அதாவது 7.72 சதவீதம். உங்கள் பணம் இதைவிட நன்றாக உழைக்கும் என்றால் இன்றே வாங்குங்கள், இல்லையென்றால் காத்திருப்பது லாபம்.

தவணையாக வந்தால்

மூன்றாமவர் சொன்ன 4 + 6 + 6 + 6. ஒவ்வொரு தவணையையும் தனித்தனியாக இன்றைக்குக் கொண்டு வந்து கூட்ட வேண்டும். இன்று வரும் 4 லட்சத்தை வகுக்கத் தேவையில்லை, அது ஏற்கனவே இன்றில்தான் இருக்கிறது. முதல் வருஷ முடிவின் 6 லட்சம் ÷ 1.09 = 5,50,459. இரண்டாவது ÷ 1.1881 = 5,05,008. மூன்றாவது ÷ 1.295029 = 4,63,310. நான்கையும் கூட்டினால் 19,18,777.

22 லட்சம் என்று காதில் விழுந்தது 19.19 லட்சமாகச் சுருங்குகிறது. 7 சதவீதம் வைத்துப் பார்த்தாலும் 19,74,590 தான், 20 லட்சத்தைத் தொடவில்லை. மூன்று பேரில் மூன்றாமவர் சொன்னதுதான் இரண்டு வீதத்திலும் கடைசி. பெரியப்பா 20 லட்சத்தை வாங்கி நகையை மீட்டார்.

கால்குலேட்டரில் இதற்கும் குறுக்கு வழி உண்டு. GT (ஜி.டி., அதாவது வந்த விடைகளின் மொத்தம்) என்று எழுதிய பட்டன் இருந்தால், முதலில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு 600000 ÷ 1.09 = = = என்று மூன்று தடவை அழுத்தி, அப்புறம் ஜி.டி.யை அழுத்துங்கள். மூன்று விடைகளின் கூட்டுத்தொகை 15,18,777 வந்து நிற்கும், அதோடு 4 லட்சத்தைச் சேர்த்தால் முடிந்தது. அந்தப் பட்டன் இல்லாதவர்கள் ஒவ்வொரு தவணையும் ஒரே தொகையாக இருக்கும்போது இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தலாம்:

இன்றைய மதிப்பு = தவணை × [1 − 1 ÷ (1 + வட்டி) ^ தடவைகள்] ÷ வட்டி

இது முதல் தவணை ஒரு வருஷம் (அல்லது ஒரு மாதம்) கழித்து வரும்போது. முதல் தவணை இன்றே என்றால் விடையை மேலும் ஒரு தடவை (1 + வட்டி) ஆல் பெருக்க வேண்டும்.

கடனையும் இதே கண்ணால் பார்க்கப் பழகுங்கள், அங்கேதான் இது உங்களுக்குப் பணத்தை மிச்சப்படுத்தும். வங்கி உங்களுக்குத் தரும் கடன் தொகை என்பது நீங்கள் கட்டப்போகும் எல்லா மாதத் தவணைகளின் இன்றைய மதிப்புதான். வண்டி வாங்கப் போகும்போது 1 லட்சம் கடன், ‘ஃப்ளாட்’ 8 சதவீதம், மூன்று வருஷம் என்று சொல்வார்கள். அவர்கள் கணக்கு: வருஷம் 8,000 வீதம் மூன்று வருஷத்துக்கு 24,000 வட்டி, மொத்தம் 1,24,000, அதை 36 ஆல் வகுத்தால் மாதம் 3,444. நீங்கள் மாதா மாதம் அசலையும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள், வட்டியோ கடைசி மாதம் வரை முழு ஒரு லட்சத்துக்கும் போடப்படுகிறது.

சோதித்துப் பார்ப்போம். உண்மையிலேயே 8 சதவீதம் என்றால் மாதத்துக்கு 0.6667 சதவீதம். அந்த வீதத்தில் 36 தவணைகளின் இன்றைய மதிப்பு சுமார் 1,09,900. ஆனால் உங்கள் கைக்கு வந்தது 1,00,000 மட்டும். அப்படியானால் வீதம் 8 இல்லை, அதைவிடக் கூடுதல். மாதம் 1 சதவீதம் வைத்துப் பாருங்கள், 1,03,690, இன்னும் அதிகம். 1.2 வைத்தால் 1,00,197. 1.22 வைத்தால் 99,857. நடுவில் 1.21 என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 14.5 சதவீதம். எட்டு என்று சொன்னது பதினாலரை. கடைக்காரரிடம் சண்டை போட வேண்டியதில்லை, இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வங்கியில் போய் உங்கள் வீதம் என்ன என்று கேளுங்கள், அங்கே 12 சொன்னால்கூட அது மலிவு. அந்த 12-இல் அதே ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை 3,321.

சேமிப்போடு சேர்ந்த காப்பீட்டுத் திட்டங்களும் அப்படியே. ஒரு ஏஜென்ட் வந்து, வருஷம் 1 லட்சம் வீதம் 10 வருஷம் கட்டுங்கள், 15-ஆவது வருஷ முடிவில் 18 லட்சம் என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம் (எண்கள் நான் எடுத்துக்காட்டுக்கு வைத்தவை). 10 கட்டி 18 என்று கேட்கும்போது பெரிதாகத்தான் இருக்கும். கட்டுவது பத்து தவணை, முதலாவது இன்றே. 100000 ÷ 1.07 போட்டு ஒன்பது தடவை = அழுத்தி ஜி.டி. பார்த்தால் 6,51,523, இன்று கட்டும் ஒரு லட்சத்தையும் சேர்த்தால் 7,51,523. கிடைப்பது 18,00,000 ÷ 1.07 ^ 15, அதாவது ÷ 2.759032 = 6,52,403. நீங்கள் கொடுப்பது பெறுவதைவிட இன்றைய பணத்தில் சுமார் 99 ஆயிரம் அதிகம். அந்த 99 ஆயிரம்தான் நடுவில் கிடைக்கும் ஆயுள் காப்பீட்டுக்கு நீங்கள் கொடுக்கும் உண்மையான விலை. அது நியாயமா இல்லையா என்று அதே அளவு காப்பீட்டுக்கு டேர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாமல் ஆயுள் காப்பீடு மட்டும் தருவது) என்ன விலை என்று கேட்டு முடிவு செய்யுங்கள். திட்டம் மோசம் என்று நான் சொல்லவில்லை, விலை தெரியாமல் கையெழுத்துப் போடக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

விலைவாசிக்கும் இதே வகுத்தல்

20 வருஷம் கழித்து 1 கோடி கிடைக்கும் என்று யாராவது சொன்னால், அன்றைக்கு அந்த ஒரு கோடி என்ன வாங்கும் என்று பார்க்க விலைவாசி ஏற்றத்தால் வகுக்க வேண்டும். வருஷம் 6 சதவீதம் விலை ஏறுகிறது என்று வைத்தால் 1.06 ^ 20 = 3.207135, ஒரு கோடியை வகுத்தால் 31,18,047. இன்றைக்கு 31 லட்சம் வாங்குவதைத்தான் அன்றைய ஒரு கோடி வாங்கும். இதையும் முன்னால் பார்த்ததையும் ஒன்றாகக் குழப்பிவிட வேண்டாம். வங்கி வட்டியால் வகுத்தால் இன்று எவ்வளவு போட்டால் அந்தத் தொகை வரும் என்று தெரியும், விலைவாசியால் வகுத்தால் அந்தத் தொகைக்கு என்ன கிடைக்கும் என்று தெரியும். மகள் படிப்புக்கு 5 லட்சம் என்று நான் போட்டது ஆறு வருஷம் கழித்து ஆகப்போகும் செலவு. இன்றைய கட்டணமே 5 லட்சம் என்றால் முதலில் அதை விலைவாசி வீதத்தில் ஆறு வருஷம் மேலே ஏற்றி, அப்புறம்தான் வட்டி வீதத்தில் கீழே இறக்க வேண்டும்.

நீங்களே போட்டுப் பார்க்க

ஒன்று: தேசிய சேமிப்புப் பத்திரத்துக்கு 2023 ஏப்ரலில் 7.7 சதவீதம் வைத்தார்கள், ஐந்து வருஷம், வருஷத்துக்கு ஒருமுறை வட்டி சேரும். ஐந்து வருஷ முடிவில் 1,449.03 ரூபாய் கிடைக்கும் என்றால் இன்றைய மதிப்பு என்ன? 1.077 ஆல் ஐந்து தடவை வகுங்கள், 1,000-இல் வந்து நிற்க வேண்டும்.

இரண்டு: அதே சமயத்தில் கிசான் விகாஸ் பத்திரத்துக்கு 7.5 சதவீதம், 115 மாதத்தில் பணம் இரட்டிப்பாகும் என்று அறிவித்தார்கள். 2,000 ரூபாயை 1.075 ^ (115 ÷ 12) ஆல் வகுத்துப் பாருங்கள். 1,000-க்கு வெகு அருகில் வரும், முழுதாக 1,000 வராமல் சில பைசா தள்ளி நிற்பது அவர்கள் மாதத்தை முழு எண்ணாக்கியதால்.

மூன்று: உங்கள் வீட்டில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு கடனை எடுங்கள். மாதத் தவணை, மீதி மாதங்கள், சொல்லப்பட்ட வட்டி மூன்றையும் எழுதி, தவணைகளின் இன்றைய மதிப்பைப் போடுங்கள். அது வங்கி அனுப்பிய கணக்கில் உள்ள நிலுவை அசலுக்கு ஏறக்குறைய சமமாக இருந்தால் உங்கள் கணக்கும் சரி, அவர்கள் கணக்கும் சரி. அதிகமாக வந்தால், வீதத்தையும் தடவையையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய் வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.